பாப்பாவைக் கூப்பிடப் போனது

மாசி 4, வெள்ளி. வத்தளை.

வெயில். புழுக்கம். ஆட்டோவுக்கு ஒயில் மாற்றியாயிற்று. பின் டயர் சுமார்தான், தாங்கும். எடுக்க வேண்டியவை: தார்ப்பாய், தண்ணீர்ப் போத்தல், பெண்சாதி ராசம்மாவின் பிரஷர் குளிசை, சுவெட்டர் இரண்டு.

அவள் மூன்று எடுத்து வைத்தாள். மூன்றாவது பாப்பாவுடையது, பச்சை. வரட்டும். அது அங்கே வேண்டியிருக்கும்.

எங்கள் பழைய தேயிலைத் தோட்டத்துத் திருவிழாவுக்குப் போகிறோம் என்று அவளிடம் சொல்லி வைத்திருக்கிறேன். விஷயம் வேறு. அவள் தம்பி சிவலிங்கமும் நானும் போனில் பேசி முடித்தது. ஏழு வருடம் முன் மண்சரிவு எங்கள் லயத்து வரிசை வீடுகளை மூடியது. நாங்கள் இரண்டு பேரும் மலையில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தோம். மகள் பாப்பா காய்ச்சல் என்று, வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்கு வராமல் வீட்டில் படுத்திருந்தாள். காலையில் அவள் மல்லித்தண்ணி குடித்த டம்ளர், அதன் விளிம்பில் ஒரு நெளிவு. கண்ணுக்குள் நிற்கிறது.

உடம்பு கிடைக்கவில்லை. அதனால் ராசம்மா கருமாதி செய்ய விடவில்லை. "உசுரோட இருக்கிறவளுக்கா எள்ளுத் தண்ணி எறைக்கிறது?" இன்று வரைக்கும் மூன்று தட்டில்தான் சோறு போடுகிறாள். மூன்றாவதை மறுநாள் நாய்க்கு வைப்பது நான்.

எழுத்துக்கூட்டி எழுதக் கை வலிக்கிறது. போதும்.

சனி. வழியில்.

நெருப்பு வெயில். இரத்தினபுரிக்கு அப்பால் ஏற்றத்தில் ஆட்டோ முக்கியது. ராசம்மா பின் சீட்டில் ஓரமாக ஒட்டிக்கொண்டு.

"நடுவுல உக்காரு. வளைவுல விழுந்துருவே."

"நீங்க ரோட்டப் பாத்து ஓட்டுங்க."

பலாங்கொடையில் ஒரு முஸ்லிம் நானாவின் தேத்தண்ணிக் கடை. ராசம்மா மூன்று பிளேன்டீ சொன்னாள். கொண்டுவந்து வைத்த நானா ஆட்டோப் பக்கம் எட்டிப் பார்த்தார்.

"மகள் எறங்கலியா தங்கச்சி? ஆறிப்போகுமே."

"அவ சோம்பேறி நானா. தூங்கட்டும்."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். இத்தனை வருடத்தில் அப்படிச் சிரிக்கவில்லை. சீட்டில் பச்சை சுவெட்டர்தான் கிடந்தது. நானா அதைப் பார்த்துக் கேட்டிருப்பார். அப்படித்தான் இருக்க வேண்டும்.

பெலிஹுலோயா தாண்டிக் குளிர். போன் அடித்தது. ஓட்டும்போது ஸ்பீக்கரில் போடுவது பழக்கம். சிவலிங்கம்.

"மச்சான், மானாப்புல்லு அறுத்து உருவம் கட்டியாச்சு. பூசாரி காலைல வந்துருவாரு. அக்காகிட்ட சொல்லிட்டீங்களா?"

நான் கட் பண்ணினேன். உடம்பு கிடைக்காதவர்களுக்குப் புல்லில் உருவம் கட்டி, பேர் சொல்லி அதற்குள் கூப்பிட்டு, புதைப்பது எங்கள் ஆட்களின் வழக்கம். அவளுக்கு விளக்க வேண்டியதில்லை. ஹல்துமுல்லையில் இறங்கும்போது கேட்டாள்.

"புல்லக் கட்டி எம்புள்ளைய எரிக்கப் போறீங்களா?"

"பொதைக்கத்தான்."

என்ன பதில் அது.

ஞாயிறு. தோட்டம்.

மூட்டம். பத்தடி தள்ளி ஆள் தெரியவில்லை. லயம் இருந்த இடத்தில் புல் ஆள் உயரம். கூரைத் தகரம் ஒன்று மட்டும் மண்ணிலிருந்து நீட்டிக்கொண்டு.

வரமாட்டேன் என்றவள் வந்தாள். முதுகைக் காட்டி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். உருவத்துக்கு சுவெட்டரை நான்தான் மாட்டினேன். புல்லுக் கை நுழைய மறுத்தது.

பூசாரி பேர் கேட்டார். சிவலிங்கம் சொன்னான்.

"செல்வநாயகீ, வாம்மா. செல்வநாயகீ..."

ராசம்மா எழுந்து வந்தாள்.

"நிப்பாட்டுங்க சாமி. அது கிளாக்கையா செக்ரோல் பேர்ப் புத்தகத்துல எழுதுன பேரு. அந்தப் பேருக்கு அவ ஒரு நாளும் திரும்புனதில்ல. பெரட்டுல கூப்பிட்டா பக்கத்துல நிக்கிறவ இடிக்கணும்."

சிவலிங்கம் சிரித்துவிட்டான். "ஆமாக்கா. கணக்கப்புள்ள தெனமும் ஏசுவாரு, செவிட்டுக் குட்டின்னு." பிறகு துண்டால் முகத்தை மூடிக்கொண்டான்.

பூசாரி விலகி நின்றார். "அப்ப நீங்களே கூப்பிடுங்கம்மா."

வேண்டாம் என்று திரும்பிவிடுவாள் என நினைத்தேன். சரிவைப் பார்த்து நின்றாள்.

"ஏய் பாப்பா! எவ்வளவு நேரந்தான் படுத்துக் கெடப்பே? எந்திரிச்சு வாடி."

மூட்டத்துக்குள் எங்கேயோ கல் உருண்டது. ஆடாக இருக்கும். யாரும் ஆட்டைப் பற்றிப் பேசவில்லை.

குனிந்து புல்லுக் கையை சுவெட்டருக்குள் பக்குவமாக நுழைத்தாள். பொத்தான்களைப் போட்டாள். காய்ச்சல்காரிக்குக் கழுத்துவரை போடுவதுபோல். முதல் மண்ணும் அவளே போட்டாள்.

போகும்போது திரும்பிப் பார்க்கக் கூடாது என்றார் பூசாரி. நான் பார்க்கவில்லை. முதுகெல்லாம் கண்ணாக நடந்தேன். ரோட்டுக்கு வந்ததும் ராசம்மா மெதுவாகச் சொன்னாள்.

"நா பாத்தேங்க."

"பூசாரி சொன்னாரே."

"பாத்தேன். மேட்டுல ஏறிப் போறா. கூப்பிட வாயெடுத்தேன்."

"ம்."

"கூப்பிடல."