லிகர் என்றால் கிடக்கிறது

பெப்ரவரி 12, வெள்ளி

பனி. ஹேர்னிங் ஊர் முழுக்க வெள்ளை. என் அறைக்குள் மட்டும் புளிச்ச மணம். பக்கத்து அறைச் செல்வம் பீர் காய்ச்சுகிறானாம். ஆலையில் யாரோ டேனிஷ்காரன் பழக்கிவிட்ட வேலை. வாளி என் கட்டிலடியில், ஹீட்டரோடு ஒட்டி.

"அப்பு, உங்கட அறைதான் சூடு. ஈஸ்டுக்குக் குளிர் ஆகாது."

எனக்கு மட்டும் ஆகுமாக்கும்.

அவன் நடத்திய பாடம்:
மோல்ட் – முளைகட்டிக் காயவைத்த பார்லி.
ஊர்ட் – அதைச் சுடுதண்ணீரில் ஊறவிட்டு வடித்த இனிப்புத் தண்ணீர். இன்னும் பீர் இல்லை. ஒரு வாய் குடித்ததற்கு ஏச்சு.
ஹும்ல – ஊர்ட்டில் போட்டுக் கொதிக்கவிடும் கசப்புப் பூ.
ஈஸ்ட் – இனிப்பைத் தின்று வெறியும் காற்றும் விடும். காற்று மூடிக்குழாயால் வரும். புளுக், புளுக். எப்படிக் கண்ணயர்வது?

மனிசியும் மகள் ஜெசிந்தாவும் கொழும்பில், லொட்ஜில். அவர்களை இங்கே கூப்பிட எழுதிக் கொடுத்து வருசம் தாண்டிவிட்டது. மார்ச் 12 பிள்ளைக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு அவளைக் கூப்பிட ஏலாதாம்.

பெப்ரவரி 20, சனி

புளுக் நின்றது. பீரைப் போத்தல்களில் அடைத்தான். நுரை வர ஒவ்வொன்றிலும் கொஞ்சம் சீனி. கூடினால் வெடிக்குமாம். அதையும் என் கட்டிலுக்குக் கீழேதான் அடுக்கினான்.

"எப்பயடா குடிக்கிறது?"

"கை வைக்காதேங்கோ அப்பு. டேனிஷில 'லிகர்' எண்டுவினம். கிடக்குது. கிடந்தாத்தான் பதம் வரும்."

பெப்ரவரி 24, புதன்

செல்வத்துக்கு வேலை. எழுதிக் கொடுத்த அலுவலகத்துக்குத் தனியப் போனேன். மேசையிலிருந்தவள் பைலைப் பார்த்துச் சொன்னாள்: "சேயன் லிகர்." லிகர் எனக்குத் தெரிந்த சொல்! பதமாகிறது. 'தக், தக்' என்று இரண்டு கையாலும் அவள் கையைப் பிடித்து நன்றி சொன்னேன். ஒரு மாதிரிப் பார்த்தாள்.

உடனே கொழும்புக்கு போன். "சரிவருது. பெட்டியைக் கட்டுங்கோ." மனிசி அழுதுவிட்டாள்.

பெப்ரவரி 25, வியாழன்

அவள் சொன்னதை அட்சரம் பிசகாமல் செல்வத்திடம் ஒப்புவித்தேன். சிரித்தான். பிறகு சிரிக்கவில்லை.

"அப்பு, சேயன் எண்டா உங்கட கேஸ். கேஸ் சும்மா கிடக்குது. ஒருத்தரும் தொடேல்ல."

"கிடந்தாப் பதம் வரும் எண்டு நீதானேடா சொன்னனீ!"

"நான் பீருக்கெல்லோ சொன்னனான்."

வாளியைத் தூக்கிப் பனிக்குள் எறிந்தேன். வெறும் வாளி. அதுகூட உடையவில்லை.

மார்ச் 12, சனி

மழை. பனியெல்லாம் சேறு. கொழும்புக்கு போன். உள்ளதைச் சொன்னேன்.

ஜெசிந்தா சொன்னாள்: "அப்ப அம்மாவை மட்டும் கூப்பிடுங்கோ அப்பா. நான் சமாளிப்பன்."

மனிசி ரிசீவரைப் பறித்தாள். "குமர்ப்பிள்ளையைத் தனிய விட்டிட்டு நான் வந்து உங்களுக்குச் சோறாக்கவோ? ஒண்டில் ரெண்டு பேரும் வருவம். இல்லாட்டி நாளைக்கே ஊருக்கு, மன்னாருக்கு பஸ் ஏறுவம்."

"அங்க சண்டையெல்லே..." என்றேன். லைன் அறுந்துவிட்டது.

பிள்ளைக்குப் பிறந்தநாள் வாழ்த்துச் சொல்லவில்லை.