ஆலமரத்தடியில் வெடி

மார்ச் 12, வியாழன்

தூக்கம் வரவில்லை. வவ்வால்கள் தொங்கும் பள்ளி ஆலமரம் காலியாகிவிட்டது.

போன வாரம்தான் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளை அங்கே கூட்டிப்போய், வவ்வால் பறவையில்லை, குட்டி போட்டுப் பால் கொடுக்கும் விலங்கு என்று காட்டினேன். பக்கத்து வகுப்பு டீச்சர் கவிதாவும் வந்தாள். "எங்க ஊர்ல வவ்வாலுக்காகத் தீபாவளிக்குக்கூடப் பட்டாசு வெடிக்க மாட்டோம்" என்று பிள்ளைகளிடம் பெருமையாகச் சொன்னாள். நான் எவ்வளவு சந்தோஷப்பட்டேன்!

இன்று மதியம் அந்த மரத்தடியில் வாட்ச்மேன் சரவெடி கொளுத்தினார். வெடியை வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் கவிதா.

"என்னடி பண்றது? வண்டி மேலெல்லாம் எச்சம். மிச்ச வெடி வீட்ல சும்மாத்தானே கெடந்துச்சு. உன்கிட்ட சொன்னா நீ விட மாட்டியே."

அவளுடைய புது ஸ்கூட்டருக்கு நிழல் வேண்டுமாம். குட்டிகள் பிறந்திருப்பதை முதலில் அவளுக்குத்தான் காட்டினேன்.

சத்தம் கேட்டு என் வகுப்பு மெர்சி ஓடிவந்தாள். "மிஸ், குட்டியெல்லாம் அம்மா தூக்கிட்டுப் போயிருக்கும்ல?"

"போயிருக்கும்மா."

அவள் கிளாசுக்குத் திரும்பும்வரை நான் நகரவில்லை. என் புடவைக்குப் பின்னால் தரையில் ஒன்று கிடந்தது.