அரை நிமிஷம் என்று எழுதினேன்

2ஆம் தேதி, காலை

அன்பு மருமகளுக்கு,

மாமா எழுதுவது. இங்கே நான், உன் அம்மா, உன் அத்தை மூன்று பேரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம். நீயும் அப்படியே இருப்பாய் என்று எண்ணி எழுதுகிறேன்.

உன் கிரேன் பன்னிரண்டு மாடி உயரம் என்று எழுதியிருந்தாய். சலவை ஆலையில் நான் நாற்பது மாடி என்று சொல்லிவிட்டேன். என் மருமகள் மேலே உட்கார்ந்து கப்பலில் இருந்து பெட்டி தூக்கும்போது காலுக்குக் கீழே மேகம் போகும் என்றும் சொல்லிவிட்டேன். இனி அதைக் குறைக்க வழியில்லை. யாராவது உன்னைக் கேட்டால் நாற்பது என்றே சொல்லிவிடு.

இப்போது முக்கியமான சேதி. முந்தாநாள் உன் அம்மாவை நரம்பு டாக்டரிடம் கூட்டிப் போனேன். நாற்பத்தேழாவது டோக்கன். மூன்று மணி நேரம் உட்கார்ந்ததில் நாற்காலிக்கும் எனக்கும் வித்தியாசம் தெரியாமல் போய்விட்டது. ஆனால் உள்ளே போனதும் உன் மாமா யார் என்று அந்த ஆஸ்பத்திரிக்கே தெரிந்துவிட்டது.

அக்காவை என் வீட்டுக்குக் கூட்டி வந்து ஒரு வருஷமும் நாலு மாசமும் ஆகிறது. உன் அத்தை காலை ஏழு மணிக்குத் தையல் கம்பெனிக்குக் கிளம்பிவிடுவாள். எனக்குப் பாய்லர் வேலை மத்தியானம் இரண்டு மணிக்கு. நான் கிளம்பும் நேரத்தில் எதிர்வீட்டுப் பெண் வேலை முடிந்து வந்து உட்காருவாள். ஆகவே காலைப் பொழுது முழுக்க என் பொறுப்பு. வலிப்பு வந்தால் பக்கத்தில் இருப்பவன் நான் ஒருவன்தான். வந்தது அவளுக்கே தெரியாது. கண் விழித்து, "ஏன்டா என் தலைக்கு அடியில தலகாணி இருக்கு?" என்று கேட்பாள். அதனால்தான் ஒரு நோட்டுப் போட்டு எழுதி வருகிறேன் என்று உனக்கு முன்பே சொல்லியிருக்கிறேன்.

அந்த நோட்டை டாக்டரம்மாவிடம் நீட்டினேன். கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு பக்கம் பக்கமாகப் புரட்டினார். "இந்த மாதிரி யாரும் எழுதிக் கொண்டு வர்றதில்லங்க. எல்லாரும் வந்து, அப்பப்ப வருது டாக்டர்ம்பாங்க, அவ்வளவுதான்" என்றார். பக்கத்தில் நின்ற சின்ன டாக்டர்களைக் கூப்பிட்டுக் காட்டினார். இரண்டு பேர்தான் இருந்தார்கள், பத்துப் பேர் என்று வைத்துக்கொள். நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். அதையும் இரண்டு தடவை படித்ததால் எனக்கு அஸ்திவாரம் பலம்.

மூன்று மாசத்தில் மூன்றே தடவை, அதுவும் அரை நிமிஷத்துக்கு மேல் போகவில்லை என்று நோட்டில் இருப்பதைப் பார்த்து, மத்தியான மாத்திரையை நிறுத்திவிடலாம் என்றார். அந்த மாத்திரைதான் அவளைப் பகலெல்லாம் தூங்கவைத்தது. உன் அம்மாவுக்கு ஒரே சந்தோஷம். சாயங்காலமானால் அவள்தான் அந்த நோட்டை எடுத்து வாசிப்பாள். "காலை ஒன்பது. அரை நிமிஷம். சிங்கம் கொட்டாவி விட்டதுபோல் எழுந்து தேநீர் கேட்டாள்" என்று எழுதியிருப்பேன். விழுந்து விழுந்து சிரிப்பாள்.

ஆகவே நீ இன்னும் இரண்டு வருஷத்துக்கு ஒப்பந்தம் போடுவதைப் பற்றி யோசிக்கவே வேண்டாம். பத்தாம் தேதிக்குள் கையெழுத்து வேண்டும் என்று எழுதியிருந்தாய். அது அடுத்த மாசம் பத்துதானே. இன்றைக்கே போட்டாலும் சரிதான். இங்கே நான் இருக்கிறேன்.

எனக்கு ஒன்றுமில்லை. கணுக்கால் கொஞ்சம் வீங்குகிறது. கண்ணை மூடினால் பாய்லர் இரைச்சல் கேட்கிறது, அதனால் கண்ணை மூடுவதையே குறைத்துக்கொண்டேன்.

உன் நலத்தை எந்நேரமும் நினைக்கும்
மாமா


13ஆம் தேதி

அன்பு மருமகளுக்கு,

இந்த வாரம் ஆலையில் ஓட்டல் படுக்கை விரிப்புகள் மலைபோல் வந்து குவிந்துவிட்டன. பாய்லர் இரண்டு தடவை மூச்சுத் திணறியது. வால்வு மாற்றினோம். புது வால்வு பழையதைவிட மோசம். உன் அத்தைக்குத் தோள்வலி. மழை இல்லை.

சுற்றி வளைத்துக்கொண்டே போகிறேன். சொல்ல வேண்டியதைச் சொல்கிறேன். பதறாதே. உன் அம்மா இப்போது வீட்டில்தான் இருக்கிறாள், சாப்பிடுகிறாள், பேசுகிறாள். முகவாயில் நாலு தையல். இடது முன்கையில் வெந்நீர் பட்டுத் தோல் உரிந்திருக்கிறது. தினமும் கட்டு மாற்றுகிறோம்.

எட்டாம் தேதி காலை நடந்தது. அடுப்பில் கெண்டியில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. நான் வீட்டில் இல்லை. மூன்று மாடி இறங்கிக் கீழே வாசலில் காவல்காரரோடு நின்றுகொண்டிருந்தேன். என்ன செய்துகொண்டிருந்தேன் என்பதையும் எழுதிவிடுகிறேன். டாக்டரம்மா என் நோட்டைப் பாராட்டியதை அவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவர் ஏற்கனவே இரண்டு தடவை கேட்டவர். "சரிங்க சரிங்க" என்று தலையாட்டிக்கொண்டிருந்தார். மேலேயிருந்து பாத்திரம் விழுந்த சத்தம் கேட்டது.

நான் உள்ளே நுழைந்தபோது சுவர்க் கடிகாரத்தில் ஒன்பது பத்து. அவள் உடம்பு அடங்கியபோது ஒன்பது பதினாலு. அதற்கு முன்னால் எத்தனை நிமிஷமோ எனக்குத் தெரியாது. அன்றைக்குத்தான் முதல்முதலாக மணி பார்த்தேன், மருமகளே. அதற்கு முன் ஒரு நாளும் பார்த்ததில்லை.

இதுதான் நான் உனக்குச் சொல்ல வேண்டியது. நோட்டில் இருந்த அரை நிமிஷம் எல்லாம் நானாக எழுதியது.

ஆரம்பத்தில் நடந்ததை நடந்தபடிதான் எழுதினேன். ஒரு நாள் சாயங்காலம் அவள் எடுத்து வாசித்தாள். "வாயில் நுரை, சேலை நனைந்துவிட்டது, மாற்றிவிட்டேன்" என்று இருந்தது. வாசித்துவிட்டு நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். ராத்திரி சாப்பிடவில்லை. மறுநாள் என்னைப் பார்க்காமலே பேசினாள். தம்பி சேலை மாற்றிவிட்டான் என்பது எந்த அக்காவுக்குத் தாங்கும்? அதற்கு அடுத்த தடவை நான் சிங்கம் கொட்டாவி விட்டதாக எழுதினேன். அவள் சிரித்தாள். அதற்குப் பிறகு கை நிற்கவில்லை. அரை நிமிஷமானது, கால் நிமிஷமானது. சில நாள் எழுதாமலே விட்டேன். ஊரெல்லாம் புளுகினவனுக்கு வீட்டில் ஒரு வாசகி கிடைத்தால் சும்மா இருப்பானா?

அந்த நோட்டைத்தான் டாக்டரிடம் நீட்டினேன். அவர் பாராட்டியபோது வாய் திறந்து சொல்லியிருக்கலாம். அதற்குத்தான் வாய் வரவில்லை. மாத்திரையை நிறுத்தியதும் என் எழுத்துதான், தையல் போட்டதும் என் எழுத்துதான்.

உன் அத்தையிடம் அன்றைக்கே சொன்னேன். கட்டுத்துணியைக் கிழித்துக்கொண்டே, "உங்க அளப்பை நான் மூணால வகுத்துக்குவேன். அந்த டாக்டருக்கு வகுக்கத் தெரியுமா?" என்றாள். அதற்குமேல் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

ஆலையில் என்னோடு வேலை பார்க்கும் பேசாமடந்தையை உனக்குத் தெரியும். ஷிப்டுக்கு இரண்டு வார்த்தை பேசினால் அதிகம். அவனிடமும் சொன்னேன். மணிக்கு மணி அழுத்தம் எழுதும் பாய்லர் பதிவேட்டைத் தூக்கி என் முன்னால் வைத்து, "முள்ளு எட்டுல நின்னா எட்டுன்னுதான எழுதுற. இதுல ஒரு நாளாவது சிங்கம் எழுதியிருக்கியா?" என்று கேட்டான். இல்லை என்றேன். எழுதினால் வெடித்துவிடும். அவன் போய்விட்டான்.

வரும் வியாழக்கிழமை டாக்டரிடம் போகிறேன். தையல் போட்டது வேறு டாக்டர், அவருக்கு நோட்டு விவகாரம் தெரியாது. டாக்டரம்மாவிடம் நான்தான் சொல்ல வேண்டும். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் சரி. போடாவிட்டால் என் அடுத்த கடிதம் வரும்வரை பொறு.

மாமா


24ஆம் தேதி

அன்பு மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. இன்னும் கையெழுத்துப் போடவில்லை என்று பார்த்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டேன். என்னைத் திட்டி ஒரு பக்கம் எழுதியிருந்தாய். இரண்டாவது பக்கத்தில் கணுக்கால் எப்படி இருக்கிறது என்று கேட்டிருந்தாய். கணுக்கால் பரவாயில்லை.

வியாழக்கிழமை போவதற்கு முன்னால் உண்மை நோட்டு ஒன்று தயார் செய்ய வேண்டியிருந்தது. டாக்டரிடம் போய், முன்பு எழுதியது பொய், நிஜம் ஞாபகமில்லை என்று சொன்னால் யாருக்கு என்ன லாபம்? மண்டையை உடைத்துக்கொண்டேன். பிறகுதான் பாய்லர் பதிவேடு நினைவுக்கு வந்தது. வலிப்பு வந்து அக்கா மத்தியானம்வரை தெளியாத நாளெல்லாம், அவளை அப்படியே எதிர்வீட்டுப் பெண்ணிடம் விட மனசில்லாமல், நான் ஷிப்டுக்குத் தாமதமாகத்தான் போயிருக்கிறேன். வேறு எதற்காகவும் நான் தாமதமாகப் போனதில்லை. தாமதமாகப் போனால் அதைப் பதிவேட்டில் நானே எழுதியாக வேண்டும், எவ்வளவு நேரம் என்பதையும். "2.20க்கு வந்தேன். அதுவரை அழுத்தம் பார்த்தது இவன்" என்று நான் எழுதியிருப்பேன், பேசாமடந்தை பக்கத்தில் கையெழுத்துப் போட்டிருப்பான்.

இரண்டு நாள் உட்கார்ந்து மூன்று மாசப் பதிவேட்டைப் புரட்டினோம். அவன் தேதி சொன்னான், நான் குறித்தேன். பதினொரு நாள் வந்தது. மூன்று என்று எழுதிய இடத்தில் பதினொன்று. சீக்கிரம் தெளிந்து நேரத்துக்குப் போன நாளெல்லாம் இதில் இல்லை. ஆகவே பதினொன்றுக்கு மேலே இருக்கலாம், கீழே இருக்காது. தேதிகளை உன் அத்தையிடம் காட்டினேன். எந்தெந்த நாள் வீடு திரும்பியபோது சேலை கொடியில் காய்ந்தது என்று அவளுக்கு நினைவிருந்தது. அதையும் பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.

டாக்டரம்மா என் முகத்தைப் பார்க்காமல் அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். கத்துவார் என்று தயாராகப் போயிருந்தேன். "இதை ஏங்க முதல்லயே குடுக்கல?" என்று மட்டும் கேட்டார். வெளியே நாற்பது பேர் காத்திருந்தார்கள். நிஜமாகவே நாற்பது. மத்தியான மாத்திரையைத் திரும்பக் கொடுத்தார், கூட இன்னொன்றும் எழுதினார். இனிமேல் என்ன எழுத வேண்டும் என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தார். தொடங்கிய மணி, அடங்கிய மணி, எந்தக் கை முதலில் இழுத்தது, விழுந்தாளா, மாத்திரை தவறியதா. ஐந்து நிமிஷம் தாண்டினால் எழுதிக்கொண்டிருக்காமல் ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும்.

இன்னொன்றும் சொன்னார். அடுத்த மாசக் கடைசியில் பத்து நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, தலையில் கம்பி ஒட்டி, இரவும் பகலும் பார்க்க வேண்டுமாம். கூட ஓர் ஆள் அசையாமல் இருக்க வேண்டும். பெண்ணாக இருந்தால் நல்லது என்றார். அதற்குப் பிறகு ஆபரேஷன் என்று சொன்னாலும் சொல்லலாமாம், சொல்லாமலும் இருக்கலாமாம். உன் அத்தைக்குத் தையல் கம்பெனியில் நான்கு நாளுக்குமேல் லீவு இல்லை.

அக்காவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். எதிரில் உட்கார்ந்து பழைய நோட்டை மடியில் வைத்துக்கொண்டு சொன்னேன். கட்டுப் போட்ட கையைத் தடவிக்கொண்டே கேட்டாள். "எனக்கு வந்ததை நீங்க எல்லாரும் பார்த்திருக்கீங்க. நான்தான் பார்க்கல. நீ எழுதுனதுதான்டா எனக்குத் தெரிஞ்சது" என்றாள்.  பிறகு, "டாக்டருக்குத் தனியா ஒரு நோட்டுப் போடு. அதை என் கண்ணுல காட்டாத. எனக்குப் பழையபடியே எழுது, சிங்கம் சலிச்சுப் போச்சு, வேற ஏதாவது போடு" என்றாள்.

ஆகவே இப்போது வீட்டில் இரண்டு நோட்டு. காலையில் ஒன்றில் மணி எழுதுகிறேன், சாயங்காலம் மற்றதில் யானை எழுதுகிறேன். இரண்டையும் எழுதி முடிப்பதற்குள் கை ஓய்ந்துவிடுகிறது. மெய் எழுதுவதற்கு இவ்வளவு நேரம் பிடிக்கும் என்று எனக்குத் தெரியாது.

போன கடிதம் தவிர, இதுவரை உனக்கு நான் எழுதிய கடிதங்கள் எல்லாம் உன் அம்மாவின் நோட்டைப் பார்த்து எழுதியவை என்று வைத்துக்கொள். இந்த உறைக்குள் நான்கு பக்கம் இருக்கிறது. அது டாக்டர் நோட்டின் நகல். ஒப்பந்தத்தைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. போடு என்றும் சொல்லமாட்டேன், போடாதே என்றும் சொல்லமாட்டேன். பேனாவைத் திறக்கும் முன் அந்த நான்கு பக்கத்தையும் வாசி. அவ்வளவுதான் மாமா கேட்பது.

கடைசிப் பக்கத்தின் கீழே ஒரு விஷயம் எழுதியிருக்கிறேன். வலிப்பு அடங்கியதும் தெளிவு வந்துவிட்டதா என்று பார்க்க, உங்கள் பேர் என்ன என்று கேட்கச் சொல்லியிருந்தார் டாக்டர். புது மாத்திரைக்குப் பிறகு இரண்டு தடவை வந்தது. இரண்டு தடவையும் கேட்டேன். இரண்டு தடவையும் உன் பேரைச் சொன்னாள். பத்துத் தடவை என்று எழுதக் கை துடிக்கிறது. இரண்டுதான்.

உடம்பைப் பார்த்துக்கொள். வேளைக்குச் சாப்பிடு. நீ என்ன முடிவெடுத்தாலும் நல்லபடியாக இருப்பாய், தாயே.

இப்படிக்கு,
உன் தாய்மாமன்