போட்டிக் கம்பெனியின் புஸ்வாணம்

ஆவணி, புதன்கிழமை இரவு.

மாலையில் வெம்பக்கோட்டைக்குப் பக்கத்தில் எங்கள் பட்டாசுக் கம்பெனியின் பின்பக்கப் பொட்டலில், மதுரை மொத்தக் கடை அண்ணாச்சி எங்கள் புஸ்வாணத்தைக் கொளுத்திப் பார்த்தார். ஆள் உயரம் எழும்பியது. பிறகு, தன் காரில் பெட்டி பெட்டியாகக் கொண்டுவந்திருந்த போட்டிக் கம்பெனியின் புஸ்வாணத்தில் ஒன்றைக் கொளுத்தினார். அது புகைந்து அணைந்தது.

"பாத்தீகளா, இம்புட்டுத்தான் அவுக சரக்கு" என்று சிரித்தார். சீசனின் பெரிய ஆர்டர் முழுதும் எங்களுக்குத்தான் என்று நினைத்தேன்.

அப்போது என் பிரிவில் புதிதாகச் சேர்ந்த விற்பனைப் பெண் கிரேஸ், "அவுக மேல் பெட்டி மழையில நமத்திருக்கு அண்ணாச்சி. அடிப்பெட்டியில ஒண்ண எடுத்துக் கொளுத்துங்க" என்றாள்.

கொளுத்தினார். எங்களுடையதைவிட உயரமாகப் பூத்தது.

"ஏத்தா, நீ யாரு கம்பெனிக்கு வேலை பாக்குறே?" என்றார். ஆர்டரில் பாதி அங்கே போய்விட்டது.

பொட்டலிலிருந்து அலுவலகத்துக்குத் திரும்பும் வழியில், ஏன் அப்படிச் சொன்னாய் என்று கிரேஸிடம் கேட்டேன்.

"நனைஞ்சத வச்சு ஜெயிச்சா, அது நம்ம சரக்கு ஜெயிச்சதா மேடம்?"

விற்பனையில் தனித்துத் தெரிவது எப்படி என்று பாடம் நடத்துகிறவர்களை நான் நம்பியதில்லை. இன்று கிரேஸிடம் அதைக் கண்ணால் பார்த்தேன். இன்னும் பிரமிப்பு அடங்கவில்லை.

பாதி ஆர்டர் ஏன் போனது என்று நாளை முதலாளி கேட்பார். அவளுக்கு வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. அவளை அனுப்புவதானால் என்னையும் அனுப்புங்கள் என்று சொல்லிவிடுவேன். சொல்லிவிட வேண்டும்.