ஐயருக்குப் போன மெஷின்

செப்டெம்பர் 9, செவ்வாய்

காலையிலிருந்து தூறல். துணி காயவில்லை. முழங்கால் இறுக்கம்.

கென் ரெலிபோன் எடுத்தார். என் கணவருடன் ஞாயிறுகளில் வயல் வயலாக மெட்டல் டிடெக்டர் பிடித்துத் திரிந்தவர். அந்த வயலில் கோதுமை அறுத்தாயிற்றாம். மாத முடிவில் மறுபடி விதைப்பு. அதன்பின் வயலுக்குச் சொந்தக்காரக் கமக்காரர் ஒருவரையும் இறங்க விடமாட்டார். தேடுவதென்றால் இப்போதுதான்.

போன வருடம் இவர் விழுந்தது அந்த வயலில். மெஷின் சத்தம் போட்ட இடத்தைக் கிண்டிக்கொண்டிருந்தபோது. அம்புலன்ஸ் போனபின் கென் குழியைக் காலால் மூடிவிட்டார். திறந்த குழியை விட்டுவரக்கூடாது என்பது அவர்களுடைய ஒழுங்கு. உள்ளே என்ன கிடந்தது என்று ஒருவரும் பார்க்கவில்லை. அது எனக்குத் தெரியவேண்டும். வேறொன்றும் வேண்டாம்.

இவருடைய சாமான்கள் எல்லாம் திரும்பி வந்தன, சிவப்பு நாடா சுற்றிய, கிண்டுகிற சின்ன மண்கரண்டியைத் தவிர.

மெஷினும் இல்லை. இவருடைய அந்தியேட்டியன்று, முப்பத்தோராம் நாள், தானத்துக்குக் குடை, செருப்பு, வேட்டி, மெத்தை என்று அடுக்க, மகன் ரமணன் அதையும் கொண்டுவந்து வைத்தான். "அப்பா விரும்பினதைக் குடுக்கவேணும் எண்டுதானே சொன்னவை?" ஐயர் ஒருகணம் பார்த்தார். மந்திரத்தை நிறுத்தாமல் வாங்கிக்கொண்டார்.

கொடுத்ததைத் திருப்பிக் கேட்பது என் பழக்கம் இல்லை. புதிது பார்க்கவேண்டும்.

செப்டெம்பர் 11, வியாழன்

வெயில். ட்ராம், பிறகு ரயில். ரமணன் அரைநாள் லீவு போட்டு வந்தான். வழி முழுக்கப் பெருமூச்சு.

கடைக்காரர் தாடிக்காரர். வாங்குகிறவள் நான், விளக்கமெல்லாம் ரமணனுக்கு. எனக்கு "மை லவ்". "மிஸிஸ் செல்வரத்தினம்" என்று திருத்தினேன். பிறகு ஒழுங்காகப் பேசினார்.

அறிந்தவை:
– சாதாரண மெஷின்: ஆணியா வெள்ளியா என்று ஓரளவு பிரித்துக் காட்டும். ஆனால் அந்த வயல் மண்ணில் இரும்பு அதிகம். பழைய காலத்தில் அங்கே இரும்பு உருக்கினார்களாம். கென்னுடையது அங்கே சும்மா சும்மா கத்தும்.
– பல்ஸ் இன்டக்‌ஷன் (இனி ப.இ.): மின்சாரத்தை விட்டு விட்டு அனுப்பும். மண்ணைப் பொருட்படுத்தாது. ஆழம் போகும். ஆனால் கிடப்பது இன்னதென்று சொல்லாது. தங்கத்துக்கும் துருப்பிடித்த ஆணிக்கும் கிட்டத்தட்ட ஒரே சத்தம்.
– பாரம். விலை பற்றி எழுத விருப்பமில்லை.

"அப்ப ஆணியெல்லாம் கிண்டவேணுமோ?" என்று ரமணனிடம் கேட்டேன்.

"ஓம். உங்களுக்கு ஏலாதம்மா. பேசாமல் வீட்டை வாங்கோ."

ஏலாது. இப்போது எந்தப் பேச்சும் என்னிடம் வரும்போது அந்தச் சொல்லில் முடிகிறது.

இவருடையதும் ப.இ.தான். வாராவாரம் ஏன் ஒரு பை ஆணி வீட்டுக்கு வந்தது என்று இன்று விளங்கியது. கண்பார்வைக் குறைவு என்று நினைத்து இருமுறை டொக்டரிடம் அனுப்பியிருக்கிறேன்.

மூன்று பார்த்தேன். ஒன்று கடற்கரைக்கு. ஒன்று தோளில் பெட்டி கட்டுவது, எருதுக்குச் செய்ததுபோல. மூன்றாவதைப் பரீட்சைக்குக் கொண்டுவந்தேன். பிடிக்காவிட்டால் திருப்பலாம்.

செப்டெம்பர் 12, வெள்ளி

மூட்டம். பின்தோட்டத்தில் பரீட்சை. வெள்ளிக் குங்குமச் சிமிழைப் புதைத்தேன். இப்போது அதற்கு வேறு வேலை இல்லை. மெஷினைப் போட்டதும் அலறல். சிமிழ் இருந்த இடத்தில் அலறல், இல்லாத இடத்திலும் அலறல். வேலிக்குப் பின்னால் ட்ராம் கம்பி, ப.இ.க்கு மின்கம்பி ஆகாது. தாடிக்காரர் இதைச் சொல்லவில்லை.

வயலில் கம்பி இல்லை, சரி. ஆனால் தோள்? கொஞ்ச நேரத்தில் கை தூக்க முடியவில்லை. படியில் இருந்துவிட்டேன். ஏலாதுதான். ரமணனிடம் சொல்லப்போவதில்லை.

பின்னேரம் கோயில். ஆண்டுத் திவசத்துக்கு நாள் குறிக்க. ஐயரே கதையைத் தொடங்கினார்.

"அம்மா, அந்த மெஷின் கராஜில சும்மா கிடக்கு. மனிசி ஒட்டடை அடிக்கத் தூக்கிட்டா. திருப்பித் தரட்டோ?"

"தானம் குடுத்ததைத் திருப்பி வாங்கிறதோ? என்ன கதை கதைக்கிறியள், ஐயா?"

வயலைப் பற்றிச் சொல்லவேண்டியதாயிற்று. கேட்டுக்கொண்டு நின்றார்.

"அப்ப நான் திருப்பித் தரேல்லை. மெஷின் என்ரை. நான் பிடிக்கிறன், நீங்கள் கிண்டுங்கோ. வாங்கினவன் பாவிக்கவும் வேணுமெல்லோ?"

வீடு வரும்வரை யோசித்தேன். பிழை பிடிக்க இடம் இல்லை.

செப்டெம்பர் 15, திங்கள்

காற்று, மழை இல்லை. புதியதை ரமணன் கடையில் திருப்பிக் கொடுக்கப் போனான், சந்தோஷமாக.

ஐயரின் காரில் வயலுக்கு. நெற்றியில் திருநீறு, காலில் ரப்பர் பூட்ஸ். கென் அவரை "ஃபாதர்" என்று கூப்பிட்டார். ஐயர் திருத்தவில்லை.

கென் ஓக் மரத்தையும் தண்ணீர்த் தொட்டியையும் வைத்து இடத்தைக் காட்டினார். அறுத்த கோதுமைத் தாள்கள் மட்டும். ஒரு அடையாளமும் இல்லை. ஐயர் வீசிய வீச்சில் கென் குனிந்துகொண்டார்.

"மெதுவா ஆட்டுங்கோ, ஐயா. தேர் இழுக்கேல்லை."

சத்தம். பெரிய சத்தம். முழங்காலுக்குக் கீழே கோணிப்பை போட்டுக் கிண்டினேன். சிவப்பு நாடா தெரிந்தது. மண்கரண்டி. நாடா சுற்றியது நான். கென் மூடியபோது மண்ணோடு உள்ளே போயிருக்கவேண்டும்.

ஐயர் குழிமேல் மறுபடி பிடித்தார். இன்னும் சத்தம். இவர் கரண்டியாலேயே கிண்டினேன். கென் உதவ வந்தார், வேண்டாம் என்றேன்.

குதிரை லாடம். அதிலும் பாதி. துரு.

அந்த வயல் முழுக்க அதுதான் கிடக்கும் என்றார் கென், தொப்பியைக் கழற்றிக்கொண்டு. எனக்கு அழுகை வரவில்லை. களைப்பு. இதற்கா என்று ஒருமுறை கேட்டேன், இவரிடம். குழியை நானே மூடி மிதித்தேன்.

காரில் ஐயர் லாடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். ஆசை பிடித்துவிட்டது. "மெஷின் என்ரை. அப்ப இதைக் கண்டுபிடிச்சது நானெல்லோ, அம்மா?"

"இல்லை, ஐயா. இது போன வருசம் கண்டுபிடிச்சது."

லாடத்தை என் மடியில் வைத்தார்.

இரும்பைக் கழுவக்கூடாது என்பார் இவர். பழைய பல்துலக்கும் பிரஷால் மண்ணைத் தட்டினேன். இவருடைய பெட்டியில் ஒவ்வொன்றுக்கும் ஒரு சீட்டு உண்டு. இதற்கும் எழுதினேன். லாடம், பாதி. கண்டவர்: செல்வரத்தினம். தேதி போன வருடத்தது.