ஆடு குடிக்கும் தொட்டி

பூஞ்சேரி,
அக்டோபர் 14

அன்புள்ள ஷாரோன் அப்பாவுக்கு,

கர்த்தருடைய கிருபையால் நானும் மகளும் சுகம். அங்கே உங்கள் சுகம் அறிய ஆவல். நேற்றுத்தானே பேசினோம், இன்றைக்கு எதற்குக் கடிதம் என்பீர்கள். போனில் சொன்னால் பாதியிலேயே கத்துவீர்கள். கடிதத்தில் குறுக்கே பேச முடியாதல்லவா? நெம்மேலி பெஞ்சமின் அண்ணன் மஸ்கட் திரும்புகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

போன வருஷம் டெங்குவில் கொட்டிய முடியெல்லாம் வளர்ந்து, ஷாரோன் இப்போது இரட்டைப் பின்னல் போடுகிறாள். காலாண்டில் கணக்குக்கு எண்பத்தொன்று. ஆடு சினையாக இருக்கிறது.

கொசு ஒழிப்பு வேலையில் எனக்கு மறுபடியும் நம் தெருவையே கொடுத்திருக்கிறார்கள். இந்த வருஷம் புது மருந்து, பாக்டீரியாத் தூள். கரைத்துத் தெளித்தால் கொசுப்புழு அதைத் தின்று மறுநாளே செத்துவிடுகிறது. ஆடு மாடு குடித்தாலும் ஒன்றும் ஆகாதாம். பயிற்சியில் இதைக் கேட்டதும் எழுந்து வெளியே போய்விட்டேன். காரணத்தைச் சொல்கிறேன், பொறுமையாகப் படியுங்கள்.

நீங்கள் கொத்தி வைத்துவிட்டுப் போன கல்தொட்டியில்தானே ஆடு தண்ணீர் குடிக்கிறது? போன வருஷம், பழைய மருந்து அதற்கு விஷமாகிவிடும் என்று பயந்து தொட்டியில் நான் ஊற்றவே இல்லை. ஊரார் வீட்டுத் தொட்டிகளையெல்லாம் பார்த்துப் பார்த்து, மருந்து ஊற்றியாயிற்று என்று வாசல் அட்டையில் கையெழுத்துப் போட்டவள், நம் வீட்டு அட்டையில் பார்க்காமலே போட்டேன். ஷாரோன் ஆஸ்பத்திரியிலிருந்து வந்த அன்றுதான் தொட்டியை எட்டிப் பார்த்தேன். புழு நெளிந்தது. அவசர அவசரமாக மொண்டு கொட்டினேன்.

நீங்களோ, பக்கத்து வீட்டு முனீர் அண்ணன் தொட்டியால்தான் பிள்ளைக்கு வந்தது என்று போனில் அவரைக் கிழித்துவிட்டீர்கள். பெற்றவளே காரணம் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. கிறிஸ்துமஸ் கேக்கும் அந்த வீட்டுக்குப் போகவில்லை.

திங்கட்கிழமை மருந்தோடு அவர்கள் வாசலில் தயங்கி நின்றேன். சுல்தான் பீவி அண்ணி, "இன்னா ஜாய்ஸு, வெளியவே நின்னுகினு கீற? உள்ள வந்து நல்லாப் பாத்துக்க. இல்லாங்காட்டி உன் வூட்டுக்காரு போன் போட்டுருவாரு" என்றார். அழுதுவிட்டேன். எல்லாவற்றையும் சொன்னேன். அதற்கு அவர், "அன்னிக்கு நான் மாடில துணி காயப் போட்டுகினு இருந்தேன். நீ மொண்டு கொட்டுனத பாத்தேன். புள்ளையால ஏற்கெனவே நொந்து கீறவள இன்னா கேக்குறதுன்னு வுட்டுட்டேன்" என்றார். புருஷனிடம்கூட அவர் சொல்லவில்லையாம். ஏச்சை வாங்கிக்கொண்டு ஒரு வருஷம் சும்மா இருந்திருக்கிறார்! எனக்கு டீ வேறு போட்டுக் கொடுத்தார்.

நம் தொட்டிக்கும் மருந்து தெளித்துவிட்டேன், இனி வாரா வாரம் தெளிப்பேன். ஆடு பாட்டுக்கு உறிஞ்சுகிறது. மனசில் பாதி பாரம் இறங்கிவிட்டது.

மீதி உங்கள் கையில் இருக்கிறது. என்னை எவ்வளவு வேண்டுமானாலும் திட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். அதற்கு முன்னால் முனீர் அண்ணனுக்கு ஒரு போன் போடுங்கள். பேசினீர்களா என்று நான் கேட்க மாட்டேன். அவர் சிரித்தால் நம் அடுப்படி வரைக்கும் கேட்கும்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்
ஜாய்ஸ்