சனிக்கு நேரே

2009 மே 9, சனி

மழை. வைப்பர் ஒன்று துடைக்கவில்லை. லாசால் வீட்டிலிருந்து ரொக்ஸ்பரோ கோயில் வரை ஒற்றைக் கண்ணால் ஓட்டியது மாதிரி.

கோயில் மண்டபத்தில் நான் படிப்பிக்கும் தமிழ் வகுப்பு. பொறுப்பாக இருக்கும் குகன் அண்ணை பிடித்துக்கொண்டார். தொலைநோக்கியால் வானத்தைப் பார்க்கத் தொடங்கி நானூறு வருடமாம், பேப்பரில் கிடந்ததாம். "நீங்கள் பிசிக்ஸ் படிச்சனீங்கள். வேலை செய்யிற கம்பசிலையிருந்து ஒண்டைக் கொண்டுவந்து பிள்ளையளுக்குக் காட்டுங்கோவன்."

சரி என்றேன். இப்போது எதற்கும் சரிதான்.

தங்கச்சி சுகந்தி இன்றும் போன் எடுக்கவில்லை. ஏப்ரலில் வன்னியிலிருந்து ஒரு தரம் எடுத்தாள். பின்னால் அவளுடைய பிள்ளை இருமியது. "பேந்து எடுக்கிறன் அக்கா." அவ்வளவுதான்.

மே 13, புதன்

வெயில், ஆனால் குளிர். டவுன்டவுனில் எங்கள் ஆட்கள் பதாகைகளோடு. மெட்ரோ வாசலில் ஒரு பிள்ளை துண்டுப்பிரசுரம் நீட்டி, வன்னியில் நடப்பதை எனக்குப் பிரெஞ்சில் விளக்கினாள். நான் தமிழ் என்று தெரியவில்லை. நானும் சொல்லவில்லை. மேர்சி என்று பிரெஞ்சிலேயே நன்றி சொன்னேன்.

வகுப்புக்குக் குறிப்பு, நானூறு வருடத்துக்கு முன் ஒரு இத்தாலியர் குழாயால் கண்டவை: சந்திரனில் மலை. வியாழனுக்கு நாலு சந்திரன். வெள்ளி தேய்ந்து வளர்வது. எதுவும் அங்கத்தைய பாதிரிமார் வேதத்தைப் படித்த விதத்துக்குப் பொருந்தவில்லை. சில பேராசிரியர்கள் குழாயில் கண் வைக்கவே மறுத்தார்கள். கடைசியில் அந்த இத்தாலியக் கிழவரை முழங்காலில் இருத்தி, பூமி அசையவில்லை என்று சொல்ல வைத்தார்கள்.

பிள்ளைகளுக்கு முழங்கால் வரை சொல்வதா?

சனி: அவர் முதலில் பார்த்தபோது இரண்டு பக்கமும் காது மாதிரி ஏதோ, வளையம் என்று அப்போது தெரியாது. இரண்டு வருடம் கழித்துப் பார்த்தால் காது இல்லை. குழம்பிப்போனார்.

பின்னேரம் குகன் அண்ணை போனில். "அது வெள்ளைக்காறருக்கு வந்த பிரச்சினை. எங்கடை சமயமே விஞ்ஞானம் தானே." அதே மூச்சில், "சந்திரனைக் காட்டுங்கோ, குருவைக் காட்டுங்கோ. சனியை மட்டும் விடுங்கோ. தாய்மார் சத்தம் போடுகினம்."

"குரு விடியப்புறம் தான் வருவார் அண்ணை."

"அப்ப சந்திரன் மட்டும் காணும்."

சரி.

மே 19, செவ்வாய்

சண்டை முடிந்துவிட்டது என்கிறார்கள். டிவியை அணைத்தேன். போட்டேன். அணைத்தேன்.

டெப்பனர் மூலைக்கடையில் போன் கார்ட் வாங்கினேன். வன்னிச் சனத்தைக் கொண்டுவந்து வைத்திருக்கும் வவுனியாவில் தெரிந்தவர் ஒருவரின் இலக்கம். பதிவுசெய்த குரல் மூன்று மொழியிலும் தொடர்பு இல்லை என்றே சொன்னது.

ஃப்ரிட்ஜைத் துடைத்தேன். பசித்தது. பாணும் ஜாமும் சாப்பிட்டேன். பசித்தது என்பதுதான் ஒரு மாதிரி இருந்தது.

மே 24, ஞாயிறு

காற்று. கோமதி வந்தாள், புட்டும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டு. வகுப்பில் படிக்கும் ஆரணியின் தாய். சத்தம் போட்ட தாய்மாரில் முதல் ஆள் அவள்தான் என்று அவளே சொன்னாள்.

"கோயிலிலையே நாங்கள் சனீஸ்வரனுக்கு நேரை நிக்கிறேல்லை, பார்வை பட்டிடும் எண்டு. நீங்கள் குழாயை வைச்சுப் பெருப்பிச்சுக் காட்டப் போறியள்."

சாப்பாட்டுப் பெட்டியைக் கழுவிக் கொடுத்தேன்.

"தங்கச்சிக்கு என்ன ராசி?"

"சிம்மம்."

"ஐயோ, அப்ப ஜென்மச் சனி. அவவிலை தானே நிக்கிறார்." பெட்டியைப் பைக்குள் வைத்தாள். "சனிக்கிழமையிலை எள்ளெண்ணெய் எரியுங்கோ அக்கா. பக்கத்தாலை நிண்டு கும்பிடுங்கோ."

சனி இப்போது உண்மையாகவே சிம்மத்தில்தான். நேற்று ஜன்னலால் பார்த்தேன். பஞ்சாங்கமும் வானமும் இதில் ஒத்துப்போகின்றன. வாதாட ஒன்றுமில்லை.

குழம்பில் உப்புக் கூட.

மே 30, சனி

பகல் முழுதும் மேகம், பொழுதுபட வெளித்தது. கோயில் கார் பார்க்கில் தொலைநோக்கி. பிள்ளைகள் வரிசையில். சந்திரனில் குழிகள். "பான்கேக் மாதிரி" என்றான் ஒருவன். முழங்கால் கதையைச் சொன்னேன். அவர் ஏன் பொய் சொன்னார் என்று கேட்டார்கள். வயது போய்விட்டது என்றேன்.

பிறகு ஆரணி கையை நீட்டினாள். "டீச்சர், சந்திரனுக்கு அங்காலை நிக்கிறது ஏன் மினுங்கேல்லை?"

பொய் சொல்ல வரவில்லை. "அது சனி."

தாய்மாரில் ஒருத்தி மகனின் கண்ணைப் பொத்தினாள். கோமதி எழும்பி வந்தாள். தொலைநோக்கியைச் சுற்றி ஒருதரம் நடந்தாள், கார் வாங்க வந்தவள் மாதிரி.

"குழாய் மேலை பாக்குது. கண் வைக்கிறது இஞ்சை, பக்கத்திலை. ஏன்?"

"உள்ளுக்கு ஒரு கண்ணாடி இருக்கு. வெளிச்சத்தைப் பக்கத்துக்குத் திருப்பிவிடும்."

"அப்ப நாங்கள் நேரை பாக்கேல்லை."

"இல்லை."

"பக்கத்தாலை."

"ஓம்."

திரும்பிச் சத்தமாகச் சொன்னாள். "இது பக்கத்தாலை தான். பிழையில்லை, வாங்கோ."

குகன் அண்ணை, "சனீஸ்வரனுக்கே சுத்துமாத்து" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். தாய்மாரும் வரிசையில் வந்துவிட்டார்கள். அந்த இத்தாலியருக்கு ஒரு சின்னக் கண்ணாடி போதுமாயிருந்திருக்கும் போல.

வளையம் இப்போது விளிம்பு காட்டி நிற்கிறது. உருண்டையின் குறுக்கே ஒரு கோடு, அவ்வளவுதான். கொஞ்ச நாளில் அதுவும் தெரியாது. காது காணாமற்போன கதையைச் சொன்னேன்.

ஆரணி கண்ணை எடுக்காமலே கேட்டாள். "இல்லாமப் போச்சுதோ, தெரியாமப் போச்சுதோ?"

"தெரியாமல்."

"அவருக்கு அது தெரியுமோ?"

"தெரியாது."

"அப்ப என்ன செய்தவர்?"

பார்த்துக்கொண்டே இருந்தார் என்றேன்.

ஜூன் 3, புதன்

தொலைநோக்கி திரும்ப ஆய்வுகூடத்தில். உறையில் சந்தன விரலடையாளம். துடைத்தேன்.

வவுனியா இலக்கத்துக்கு எடுத்தேன், இன்று மணி அடித்தது. ஒருவரும் எடுக்கவில்லை.

ஜூன் 6, சனி

வெயில். வைப்பர் மாற்றியாயிற்று. வகுப்பு முடிய வீட்டுக்குத்தான் போக இருந்தேன். கோயிலுக்குள் போனேன். ஏன் என்று எழுதத் தெரியவில்லை. எண்ணெய் கோமதி தந்தாள், திரியும் அவளுடையது.

நவக்கிரகம். கறுப்புத் துணி, காகம். ஆட்கள் எல்லாரும் ஒரு பக்கமாக, கதவிடுக்கால் எட்டிப் பார்ப்பவர்கள் போல நின்றார்கள். விளக்கை வைத்துவிட்டு நேரே நின்றேன். சின்ன முகம். கண் என்று இரண்டு கீறல்.

கோமதி முழங்கையைப் பிடித்து இழுத்தாள். "அக்கா, இஞ்சாலை வாங்கோ. உங்களைப் பாக்கப் போறார்."

"அங்கை தங்கச்சியைப் பாத்தது காணும்," என்றேன். "இஞ்சை பாக்கட்டும்."